சுவருக்குள் தெரிந்த கறுப்பு

மண்சரிவுக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருக்கும் லயத்து வீட்டு வரிசையில் வெடிப்பு விழுந்தது. பார்க்க வந்த பல்கலைக்கழகத்தார், மைக்ரோவேவ் அலையால் சுவருக்குள் பார்க்கும் கருவியை, எனக்கும் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்காவுக்கும் பொதுவான சுவரில் வைத்தார்கள். திரையில் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"உள்ளே உலோகம் இருக்கிறது" என்றார்கள்.

என் பிள்ளைக்கு ஓயாமல் காய்ச்சல் வந்தபோது, அக்காவின் கண்தான் பட்டதென்று நினைத்து, மந்திரித்த செப்புத் தகடு ஒன்றை அங்கே வைத்துப் பூசியவள் நான்.

"நாங்க ஒன்னும் வைக்கலீங்க" என்றேன். அக்காவும் அதையே சொன்னார்.

உடைத்தார்கள். இரண்டு தகடுகள் விழுந்தன.

அக்கா குனிந்து கூட்டத் தொடங்கினார். நானும் முறத்தைப் பிடித்தேன்.

எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் அவருக்குப் பயந்தது சரி. அவர் ஏன் எனக்குப் பயந்தார்?