நரம்பு இல்லாத பிள்ளை

எனக்கு ஏழு வயதில் ஒரு நாள், கொஞ்ச நேரத்துக்கு, உடம்பில் நரம்பே இல்லாத பிள்ளையாக நான் இருந்தேன். அந்தச் செய்தியை அம்மாவுக்குச் சொன்னதும் நான்தான்.

அதற்கு முதல் நாளிலிருந்தே வாந்தி. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. கண் குழிவிழுந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த மனோர் பார்க் வீட்டிலிருந்து அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அப்பா பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்டில் இருந்தார். அம்மாவின் ஆங்கிலம் அப்போது 'தாங்க்யூ'வைத் தாண்டியிருக்கவில்லை. ஆகவே நோயாளியும் நான்தான், மொழிபெயர்ப்பாளரும் நான்தான்.

உடனே சேலைன் ஏற்ற வேண்டும், தாமதித்தால் ஆபத்து என்றார்கள். ஆனால் தண்ணீர் வற்றிய உடம்பில் ரத்தக் குழாய்கள் எங்கேயோ ஒளிந்துகொண்டன. நர்ஸ் ஒரு கையில் குத்திப் பார்த்தார், மற்றக் கையில் குத்திப் பார்த்தார். தட்டினார், தடவினார், சூடான துணி வைத்தார். ஒன்றும் அகப்படவில்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைப் பிள்ளைகளும் அழத் தொடங்கினார்கள்.

"நரம்பு கிடைக்கேல்லையோ எண்டு கேள் பிள்ளை" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் ரத்தம் ஓடுவதும் நரம்புதான், கழுத்தில் பிடித்துக்கொள்வதும் நரம்புதான். ஆனால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் படப் புத்தகத்தில் நரம்பு என்றால் 'நேர்வ்' என்று போட்டிருந்தது. கெட்டிக்காரி அல்லவா, அப்படியே கேட்டேன். நரம்பிலா குத்துகிறீர்கள் என்று நான் கேட்கிறேனாக்கும் என்று நினைத்து நர்ஸ் பதறினார். "நோ, நோ, நோ நேர்வ்ஸ்" என்று கையை ஆட்டினார்.

நான் அம்மாவிடம் திரும்பி, "நரம்பு இல்லையாம்" என்றேன்.

அம்மாவின் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்பாவுக்குப் போன் போட்டு, "பிள்ளைக்கு நரம்பு இல்லையாம், ஓடி வாங்கோ" என்று குழறினாள். "விசர்க்கதை கதையாதையும்" என்று போனுக்குள் சத்தம் போட்ட அப்பா, அடுத்த மூச்சில் "வாறன்" என்றார்.

அப்போதுதான் இன்னொரு நர்ஸ், சக்கரம் வைத்த கம்பத்தில், தோலுக்கடியில் ரத்தக் குழாயைத் தேடிக் காட்டும் ஒரு கருவியை உருட்டிக்கொண்டு வந்தார். அறை விளக்கை மங்கலாக்கி, கருவியின் வெளிச்சத்தை என் கையில் விழவைத்தார். என் அழுகை நின்றுவிட்டது. தோல் முழுக்கப் பச்சை. அந்தப் பச்சைக்குள் கரிய கோடுகள் கிளை பிரிந்து, மறுபடி சேர்ந்து, விரல்வரை ஓடின. என் கைக்குள் இவ்வளவு நடக்கிறது என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதைவிட அழகான ஒன்றை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

"முருகா!" என்றாள் அம்மா. கோயிலில் தீபத்தைத் தொட்டுக் கும்பிடுவதுபோல இரண்டு கைகளையும் என் கைக்கு மேலே அந்த வெளிச்சத்துக்குள் நீட்டினாள். உடனே என் கை வெறுங்கையாகிவிட்டது. கோடுகள் எல்லாம் அம்மாவின் கைகளில், தடித்துப் புடைத்து நின்றன. அவள் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் அவை என் கையில் இறங்கின. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னிடம் இல்லாததை அம்மா தன்னுடையதிலிருந்து தந்துவிட்டாள்.

ஊசி ஒரே குத்தில் ஏறியது. நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சேலைன் சொட்டத் தொடங்கிய பிறகுதான் முதல் நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நர்ஸ்கள் போனபின், அப்பா வந்து சேரும்வரை, அம்மா கட்டிலோரம் என் மற்றக் கையைப் பிடித்தபடி இருந்தாள்.

"எத்தினை தந்தனீங்கள், அம்மா?"

"என்னத்தை?"

"நரம்பு."

"எல்லாத்தையும்" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. நாளைக்கு இவளுக்கு ஒரு காய்ச்சல் வருத்தம் வந்தால், ஊசியை எங்கே போடுவார்கள்? "ஒண்டைத் திருப்பி எடுங்கோ" என்றேன். அம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. பிடுங்கித் தந்த இடம் நோகிறதாக்கும் என்று நினைத்து, அவளுடைய புறங்கையை என் வாயருகே இழுத்து, மெல்ல ஊதிவிட்டேன்.