கடைசிப் பாராக்காரர்கள்

பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு வாசகர்கள் வாய்ப்பார்கள்; சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்கு எழுத்தாளர்கள்தான் வாய்ப்பார்கள். திருநகரில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் என் இதழை யார் படிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். எழுதியவர்கள் அவரவர் பக்கத்தைப் படிக்கிறார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட மற்ற ஜீவன்களுக்கு இது புதிதாக இருக்காது.

எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. எந்தக் கதை வந்தாலும் கடைசிப் பாராவை வெட்டிவிடுவேன். விருந்தாளி போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுவார் இல்லையா, நம் ஆட்களின் கடைசிப் பாரா அந்த ரகம். கதை முடிந்த பிறகு நின்று நீதி சொல்லும். யாரையும் கேட்காமல்தான் வெட்டுவேன். கேட்டால் விடமாட்டார்கள்.

நீல டிக்

மேலூரில் கிரானைட் குவாரி ஆபீஸில் வேலை பார்க்கும் பாண்டி கவிதை எழுதுவார். நல்ல பிள்ளை, நல்ல கவிதை. பொறுமை மட்டும் கிடையாது. ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஆறு வரிக் கவிதை வந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. திறந்து பார்த்துவிட்டு போனைக் கீழே வைக்கவில்லை, அழைப்பு வந்துவிட்டது.

"எப்புடிக்கா இருக்கு?"

"இன்னும் படிக்கலை தம்பி."

"நீல டிக் விழுந்துருச்சேக்கா!"

குழம்பை இறக்கிவிட்டு நிதானமாகப் படித்துவிட்டு நானே கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். அவர் குரலில் அப்படியொரு கரிசனம்: "உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்? நீங்க படிங்க, நான் லைன்லயே இருக்கேன்."

பத்துக்கு ஏழு

ஜெசிந்தா டீச்சர் மிஷன் பள்ளியில் தமிழ் எடுப்பவர். அவர் அனுப்பிய கதையில் ஒரு மாணவி தோழியின் டிபன் பாக்ஸை எடுத்துச் சாப்பிட்டுவிடுவாள். கதையில் வரும் டீச்சர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். அதோடு கதை முடிந்தது. ஜெசிந்தா டீச்சருக்கு முடியவில்லை. பசியின் கொடுமை பற்றி இன்னும் பத்து வரி எழுதியிருந்தார். வழக்கம்போல் வெட்டினேன்.

இதழ் போய்ச் சேர்ந்த வாரமே நேரில் வந்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. பையிலிருந்து இதழை எடுத்து நீட்டினார். அவர் கதையை நான் அச்சடித்த பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் டிக் அடித்திருந்தார். கீழே பத்துக்கு ஏழு என்று போட்டு, சுழித்து, கையெழுத்தும் வைத்திருந்தார். மூன்று மார்க் எங்கே போனது என்று கேட்டேன்.

"கடைசிக் கேள்விய நீங்க அட்டெண்ட் பண்ணவே இல்லையே மேடம்."

வரப்போரச் செடி

கொட்டாம்பட்டி கருப்பையாவுக்கு விவசாயம், கூடவே ஒரு உரக்கடை. யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுவார். எங்கள் இதழில் அவர் கதைகளைத்தான் நான் முதலில் படிப்பேன். ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கதை கச்சிதமாக முடிந்திருக்கும், அதற்கப்புறம் ஒரு பாரா சகிக்க முடியாத அபத்தமாக வரும். கதிரவன் மறைவான், பறவைகள் கூடு திரும்பும், நம்பிக்கை பிறக்கும். இவ்வளவு தெரிந்த மனிதர் இதை ஏன் எழுதுகிறார் என்று தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"அது உங்களுக்குன்னே எழுதுறதுக்கா. ஆடு கடிச்சுட்டு உள்ள வராமப் போகட்டும்னு வரப்போரமா நாலு செடி விடுறதில்லையா? அது மாதிரிதான்."

கை நடுங்கிருச்சா?

சென்ற இதழுக்கு அவர் அனுப்பியது அண்ணன் தம்பி கதை. பொதுக் கிணற்றில் யார் எந்த நாள் மோட்டார் போடுவது என்ற தகராறில் பேச்சு நின்றுபோன இருவர். அது அவர் வீட்டுக் கதைதான் என்பது எனக்குத் தெரியும். அவருடைய பெண்ணுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெரியப்பா இல்லாமல் சபை எப்படி நிறையும் என்று அவர் மனைவி தினமும் அழுகிறாராம். யார் முதலில் பேசுவது என்பதில்தான் இரண்டு வீடும் நின்றுகொண்டிருந்தது.

ஆட்டுக்கு விட்ட கடைசிப் பாராவில் இந்த முறை கதிரவன் இல்லை. மூன்றே வரி. "தப்பு என் பக்கமும் இருக்குண்ணே. அன்னைக்கு உன் முறையிலதான் நான் மோட்டார் போட்டேன். நீ வந்து நிக்காம எம்மக கழுத்துல தாலி ஏற வேணாம்." கோடு போடப் பேனாவைக் கொண்டுபோனேன். போட முடியவில்லை. மூடிவைத்துவிட்டு, அப்படியே அச்சுக்கு அனுப்பினேன். வெட்டும்போது யாரையும் கேட்காதவள் விடும்போது மட்டும் கேட்பேனா?

இதழ் கையில் கிடைத்ததும் கருப்பையா கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"எம்புட்டுப் பேரு பாராவ வெட்டுனீங்க, இதுக்கு மட்டும் கை நடுங்கிருச்சாக்கா? நீங்க வெட்டிருவீங்கங்கிற தைரியத்துலதான அத எழுதுனேன்!"

வாசகர் வருகை

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாடிப்படி ஏறி ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் எங்கள் இதழ். எழுதுகிற முகமாகத் தெரியவில்லை. வாசகர்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உட்காரச் சொல்லிக் காபி கொடுத்து, எந்த ஊர் என்று கேட்டேன். கொட்டாம்பட்டி என்றார்.

"கருப்பையாவோட அண்ணன் நானும்மா. முழுசா நான் படிக்கல. மருமக கடைசியில உள்ளத மட்டும் படிச்சுக் காட்டுச்சு." அந்த மூன்று வரிமேல் விரலை வைத்தார். "ஒண்ணு மட்டும் சொல்லும்மா. இது அவன் எழுதுனதா, நீங்களாச் சேத்ததா?"

"எனக்கு வெட்டத்தான் தெரியும்ணே. சேக்கத் தெரியாது."

அவர் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? பாதிப் படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

"தையில நம்ம புள்ளைக்குக் கல்யாணம், வந்துரும்மா. பெரியப்பன் நான் கூப்புடுறேன்."

ஆக, இத்தனை காலம் இதழ் நடத்தியதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே வாசகர் இவர்தான், அவரும் கடைசிப் பாராவை மட்டும் கேட்டவர்.