இரண்டாம் மாடியில் திறந்திருந்த கதவு

கடுகும் காய்ந்த மிளகாயும் பொரிந்து, அதன்மேல் தேங்காய்த்துருவல் விழும் வாசனை, மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் இருந்த ஃபிளாட்டின் படிக்கட்டு வழியாக மூன்றாம் மாடிவரை ஏறி வந்தால், எனக்கு அதுதான் அக்டோபர். ஜெபமாலை மாதமான அதில் மாதா சுரூபம் நாளுக்கொரு வீடாகப் போகும். ஒரு வீட்டார் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைக்க, அங்கே ஜெபம் முடிந்ததும் தாளித்த கடலையும் பாலில்லாத "தே ஓ" தேநீரும் கிடைக்கும். பத்து வயதில் எனக்கு மாதாவைவிடக் கடலைமேல்தான் பக்தி அதிகம்.

ஜெபக் குழுவுக்கு அம்மாதான் தலைவி. அண்டை வீட்டாரை நேசிக்கும் மனதைத் தரும்படி அவர் உருகி வேண்டும்போது எனக்கே கண் கலங்கும். அந்த வருடம் எங்களுக்கு அடுத்து, இரண்டாம் மாடி விக்டோரியா ஆன்டியின் முறை. ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் அவர் மகள் ஓர் இந்துப் பையனை முருகன் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். ஆன்டியும் போய் நின்று ஆசீர்வதித்திருந்தார். "அந்த வீட்டுக்கு மாதா வேணாம்லா" என்று குழுவில் பேச்சு எழ, "நேரா கீழ் வீட்டுக்குப் போயிருவோம்" என்று அம்மா முடித்துவிட்டார். ஆன்டியிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மறுநாள் மாலை நான் மெழுகுவத்தியோடு முன்னால் போக, அம்மா சுரூபத்தோடு பின்னால் வர, எல்லோரும் பாடிக்கொண்டே இறங்கினோம். ஆன்டியின் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே மேசையில் வெள்ளைத் துணி, மல்லிகைச் சரம், நடுவில் சுரூபத்துக்காக விட்ட இடம். பழக்கத்தில் என் கால் நின்றுவிட்டது. "நட" என்று அம்மாவின் முழங்கை முதுகில் இடித்தது. வாசலில் நின்ற ஆன்டி கூப்பிய கையை இறக்கவில்லை; எங்களோடு சேர்ந்து அதே பாட்டைப் பாடினார். நாங்கள் கீழே போய்ச் சேரும்வரை அந்தக் குரல் கேட்டது.

ஜெபம் முடிந்த நேரம், அத்தனை பேருக்கும் சமைத்த கடலைச் சட்டியை இடுப்பில் வைத்து ஆன்டி இறங்கி வந்தார். "பிள்ளைங்க பசியோட இருக்கும். சூடா இருக்கு, சாப்பிடச் சொல்லுங்க" என்று வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு மனுஷியால் இப்படியும் இருக்க முடியுமா என்று அவர் படியேறுவதையே பார்த்து நின்றேன். அந்த வியப்பு இன்றும் அடங்கவில்லை. எல்லோரும் சாப்பிட்டோம், வெட்கமில்லாமல் நான் இரண்டு தடவை வாங்கினேன். அம்மா மட்டும் தொடவில்லை. வீம்பு என்றுதான் அன்று நினைத்தேன்.

அந்த ஃபிளாட்டில் இப்போது தெரிந்த முகமே இல்லை. ஜெபமாலையை அவரவர் கைப்பேசியில் சொல்லிக்கொள்கிறோம். ஆன்டி இறந்து பல வருடங்கள் ஆயிற்று. அந்தச் சுரூபம் பூச்சோங்கில் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நினைவு தப்பிப்போன அம்மா, என்னையே சில நாள் "யாரும்மா நீங்க?" என்று கேட்பார். ஆனால் மாலையானால் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றுவிடுவார்.

"விக்டோரியா கதவத் தொறந்து வச்சிக்கிட்டுக் காத்திருப்பா. வா, கொண்டுபோய் வச்சிட்டு வந்துருவோம்."

நான் மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டு முன்னால் நடக்கிறேன். வரவேற்பறையை இருவரும் சுற்றிச் சுற்றி வருகிறோம். எங்கே நிற்பது என்றுதான் தெரியவில்லை.