உயரம் குறைக்கப்பட்ட அறிவித்தல்

வேலை அறிவித்தல் வந்த ஓர் அரச வர்த்தமானியைப் பதினொரு நாள் என் மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்தது சரியா, பிழையா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

கல்முனைப் பக்கத்துப் பாடசாலையொன்றின் அலுவலகத்தில் நான் லிகிதர். அரச வேலை அறிவித்தல்களைப் பலகையில் ஒட்டுவதும், பழைய மாணவர்களுக்குச் சான்றிதழ் தயாரிப்பதும் என் வேலை. நான் சேர்ந்த காலத்தில் இராணுவத்துக்குக் கடேற், அதாவது பயிலுநர், அதிகாரிகளை எடுக்கும் அறிவித்தலைப் படித்தாலே பயமாயிருக்கும்; அவ்வளவு தகைமை கேட்பார்கள். கணிதத்தில் திறமைச் சித்தி, ஆங்கிலம், உயரம், நெஞ்சளவு, விளையாட்டு.

எங்கள் பழைய மாணவன் சாய்ந்தமருது நஸீர் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் கொழும்பு நேர்முகத்தில் எடுபடாமல் திரும்பி வந்தான்.

"அரை அங்குலம் கொறவாம் ராத்தா. முடி வெட்டாமப் போயிருக்கணும்" என்று சிரித்தான். அவனுக்கு இரண்டு தங்கைகள். வாப்பா இல்லாததால், எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணத்துக்கு முன் இருவருக்கும் வீடு கட்டிக் கொடுப்பது அவன் பொறுப்பு.

அவனுடைய உம்மாவோ என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் கட்டையாப் பொறந்தது அல்லாஹ்ட ரஹ்மத்து மகள்."

சில வருடங்களில் வடக்கில் சண்டை கூடியது. அடுத்த அறிவித்தல் வந்ததும் வழக்கம்போலப் பழையதோடு ஒப்பிட்டேன். உயரத்தைக் குறைத்திருந்தார்கள். கணிதத்துக்குச் சாதாரண சித்தி போதும். நஸீர் தாராளமாக எடுபடுவான்.

அப்போது என் மகனுக்கு எட்டு மாதம். கணவர் சவூதியில். கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதமாகும். கேட்க வேறு ஆளில்லை. லாச்சியைப் பூட்டினேன்.

"என்ன புள்ள, இன்னும் ஒட்டல்லயா?" என்று அதிபர் கேட்டார்.

"ஓம் சேர், ஒட்டுறன்."

முடிவுத் திகதிக்கு முதல்நாள் பின்னேரம்தான் ஒட்டினேன்; இனி விண்ணப்பம் தபாலில் கொழும்புக்குப் போய்ச் சேராது. மறுநாள் நஸீர் பலகையடியில் நின்று வாசித்துவிட்டு ஜன்னலருகே வந்தான்.

"வந்த திகதி இதுலயே இருக்கு ராத்தா. எனக்கு ஒரு சொல் சொல்லல்லையே."

அதன்பின் அவன் என்னோடு கதைப்பதில்லை. நாவிதன்வெளியில் கூலிக்கு வயல் செய்கிறான். மூத்த தங்கையின் வீடு அத்திவாரத்தோடு நிற்கிறது. அவனுடைய உம்மா மட்டும் காணும்போதெல்லாம் எனக்காக துஆக் கேட்பதாகச் சொல்கிறார். அதைக் கேட்கவும் கூச்சமாயிருக்கிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். தகைமையைக் குறைக்கிறார்கள் என்றால் அங்கே ஆள் போதவில்லை என்று அர்த்தம். ஆனால் அதை வாசிப்பவனுக்காக நாம் முடிவெடுக்கலாமா?

இந்தக் கிழமை மறுபடி அறிவித்தல் வந்தது. வயதெல்லையையும் கூட்டியிருக்கிறார்கள்; நஸீர் இன்னும் எடுபடுவான். வந்த அன்றே ஒட்டிவிட்டேன். நஸீர் இந்தப் பக்கம் வருவதில்லை. அவனைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டுமா? பிள்ளை பெற்றவர்கள் யாராவது எழுதுங்கள். முடிவுத் திகதிக்கு மூன்று கிழமை இருக்கிறது.