ஆசை அடக்கும் எண்ணெய்

வேலையிடத்தில் அவளை எல்லாரும் மூக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு பெரிசு என்பதற்காக அல்ல, அந்த மூக்குக்குத்தான் சம்பளம். இணையத்தில் வாங்கிய துணிமணிகளை ஜனங்கள் திருப்பி அனுப்பினால் அந்தக் கிடங்குக்குத்தான் வந்து சேரும். பொட்டலத்தைப் பிரித்து, கழுத்தையும் அக்குளையும் முகர்ந்து, உடுத்தியதா இல்லையா என்று அவள் சொல்ல வேண்டும். உடுத்தியது சிவப்புக் கூடைக்குப் போகும், உடுத்தாதது பச்சைக் கூடைக்கு. விருந்துக்குப் போட்டுக்கொண்டு போய் ஆடிவிட்டு, மறுநாள் 'பிடிக்கவில்லை' என்று அனுப்புகிற மகாராணிகள் அவளிடம் தப்பவே முடியாது.

என்ன பசியப்பா இந்த ஜனங்களுக்கு! ஒரே சட்டையை எல்லா நிறத்திலும் வரவழைத்து அத்தனையையும் திருப்பி அனுப்புவார்கள். பக்கத்து மேசைக்கு ஒருநாள் வாழைப்பழம் நறுக்கும் இயந்திரம் வந்தது. ஏன், உரித்துத் தின்றால் தொண்டையில் இறங்காதா? வேண்டும், வேண்டும் என்று கூசாமல் கேட்கிறவர்களைப் பார்த்து அவளுக்கு எரிச்சலும் வந்தது, பொறாமையும் வந்தது. அவள் வீட்டில் அந்தச் சொல்லுக்கே இடமில்லை.

அவள் புருஷன் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். கல்யாணமான புதிதில், பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். யாரோ ஒரு வைத்தியர் நூறு வருஷத்துக்கு முன்னால் தம்பதிகளுக்குச் சொன்ன புத்திமதி. காரம் தின்றால் காமம் கிளம்பும். வெந்நீரில் குளித்தால் புத்தி மழுங்கும். படுக்கும் முன் மனைவி கண்ணாடி பார்க்கக் கூடாது. புருஷன் பல வருஷம் அடக்கிச் சேர்த்த சக்தியில் பிறக்கும் பிள்ளைதான் மேதையாகும். இதை எழுதிய மகானோடு எவளாவது குடித்தனம் நடத்தினாளா என்று யார் கேட்டார்கள்? நம்ம ஆள் அப்படியே பிடித்துக்கொண்டார். சமையலிலிருந்து மிளகாய் போனது, கட்டில் இரண்டானது. கற்பூரத்தையும் கிராம்பையும் விளக்கெண்ணெயில் காய்ச்சி, ஆசை அடங்குவதற்காக என்று தினமும் பிடரியில் தேய்த்துக்கொண்டார்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. முதலில் வெட்கப்பட்டுக் கேட்டாள், பிறகு சண்டை போட்டுக் கேட்டாள், கடைசியில் அழுது கேட்டாள்.

“என்னங்க, எனக்கு ஒரு குழந்தை வேணுங்க. மேதையா இல்லாட்டியும் பரவாயில்ல.”

“உனக்கு எதுலயும் அடக்கமே கிடையாது. சாப்பாட்டுலயும் பறக்குற, இதுலயும் பறக்குற” என்பார்.

கொடுமை என்னவென்றால், அவள் அதை நம்பினாள். கோளாறு தன்னிடம்தான், தனக்குத்தான் இந்தப் பேய்ப்பசி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொள்ளக்கூடக் கூச்சப்பட்டாள். நாற்பது வயதும் தாண்டியது. “இனிமே தள்ளிப்போட்டா நடக்காதும்மா” என்று டாக்டரம்மா சொன்னதை வந்து சொன்னபோதும், பொறுமை வேண்டும் என்றுதான் சொன்னார் அந்த மனுஷர்.

ஒருநாள் காலையில் கறுப்பு நைட்டி ஒன்று அவள் மேசைக்கு வந்தது. வழுவழுவென்று நல்ல விலையுள்ள துணி. கழுத்தை முகர்ந்தாள், செண்டு வாசம். தோள் பக்கம் முகர்ந்தாள். கற்பூரம், கிராம்பு, விளக்கெண்ணெய். இன்னொரு தரம் முகர்ந்தாள். இந்தக் கண்றாவியைக் காய்ச்சித் தேய்த்துக்கொள்ள உலகத்தில் வேறு எந்தக் கிறுக்கன் இருக்கிறான்?

“என்னக்கா, போட்டதா?” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

“போட்டதுதான்” என்று சிவப்புக் கூடையில் போட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டு, நேராக அவர் கடைக்குப் போனாள்.

கண் பார்க்கும் சின்ன அறையில் அவர் தனியாக லென்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கதவைச் சாத்தினாள்.

“கறுப்பு நைட்டி ஒண்ணு இன்னைக்கு என் மேசைக்கு வந்துச்சு.”

“திருப்பி அனுப்பிட்டாளா? என்கிட்ட சொல்லவே இல்லையே!” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு முகம் செத்துப்போனது.

“யாருங்க அவ?”

“சத்தம் போடாத. கடையில ஆள் இருக்காங்க.”

“நான் சத்தமே போடலையே.”

இதே கடையில் முன்பு வேலை பார்த்தவள் என்றார். ரெண்டு வருஷமாகத் தொடர்பு என்றார். அடப்பாவி! வீட்டில் பத்தியம், வெளியே விருந்து. ஆனாலும் தொழில் புத்தி எங்கே போகும், கேட்டுவிட்டாள்.

“நல்ல துணிதானே, அத ஏன் திருப்பி அனுப்பினா?”

அவர் லென்சைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“வயித்துக்குப் பத்தியிருக்காது... அவ மாசமா இருக்கா.”

அவளுக்கு வாழ்க்கையையே யாரோ வாரிச் சுருட்டிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

“சக்தியச் சேத்து வெக்கணும்னு சொன்னீங்களே. இவளுக்காகவா சேத்து வெச்சீங்க?”

“நான் என்ன பண்றது சொல்லு. குழந்தை வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. அழுதா. பாவமா இருந்துச்சு.”



“நானும்தானேங்க அழுதேன்” என்றாள்.