நாப்பதுக்கு வளர்த்த கோழிகள்

வயித்துல இரிக்கிற புள்ளைக்கு முன்கூட்டி ஒண்டும் செய்யக் கூடாது எண்டுறது எங்கட ஊர்ப் பேச்சு. தொட்டில் கட்டக் கூடாது, சட்டை தைக்கக் கூடாது, பேர்கூட வாயால சொல்லக் கூடாது. எனக்கு அதுக்கு முந்தி ரெண்டு தரம் மூணாம் மாசத்துலயே கலைஞ்சி போயிரிந்திச்சு. மூணாவது தங்கினப்ப உம்மா ஒரு புதுத் துணித்துண்டுகூட ஊட்டுக்குள்ள வர விடல்ல.

என்ட மாப்பிள்ளை தறி நெய்யிற மனிசன். கலியாணம் முடிச்சி மருதமுனையில எங்கட ஊட்டுக்கு வந்தவர். கையைச் சும்மா வெச்சிக்கிட்டு இரிக்கத் தெரியாது. தொட்டிலத் தொடாதீங்க எண்டா அந்த மனிசன் என்னதான் செய்யும்? ஒருநாள் தறியால எழும்பி வந்து, வளவுக்குப் பின்னால இருந்த கோழிக்கூட்டச் சுத்திச் சுத்திப் பார்த்தார்.

"புள்ள, இந்தக் கூட்ட நீட்டப் போறன்" எண்டார்.

"ஏழு கோழிக்கு இது காணாதா?"

"உனக்கு நாப்பது நாளைக்குக் கோழி வேணுமே. கூடு கட்டக் கூடாதெண்டு ஆரும் சொல்லல்லதானே."

புள்ளை பெத்தவளுக்கு நாப்பது நாள் முடியும் வரைக்கும் மிளகு, மல்லி எண்டு சரக்கரைச்சி நாட்டுக்கோழிக் கறி குடுக்கிறது வழமை. எங்களப் போல ஊட்டுல கிழமைக்கு ஒண்டு அறுத்தாலே பெரிய காரியம். இவருக்கு நாளுக்கு ஒண்டு வேணுமாம்! "நாப்பதும் திண்டா நானே கொக்கரிக்கத் தொடங்கிருவன்" எண்டு சிரிச்சன். அவர் சிரிக்கல்ல. கமுகஞ் சிலாகை வெட்டக் கத்திய எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.

அந்தக் கூட்ட அவர் கட்டின கட்டு இரிக்கே, அல்லாஹ்வே! சிலாகைக்குச் சிலாகை ரெண்டு விரல் இடைவெளி, கீரி தலை நுழைக்க ஏலாது. மேல தென்னோலைக் கிடுகு. உள்ளுக்கு ரெண்டு தட்டு, கோழி ஏறிக் குந்த மேல்தட்டு, ஏறாததுக்குக் கீழ்தட்டு. சம்மாந்துறைச் சந்தைக்கு நூல் விசயமாப் போறனெண்டு போவார், கால் கட்டின கோழியோட வருவார். கறுப்பு, சிவப்பு, கழுத்துல மயிரில்லாதது, ஆரோ குடுத்த சீமை வெள்ளை ரெண்டு. கினிக்கோழியும் ஒரு சோடி வந்திச்சு. அதுகள் ஒருநாளும் கூட்டுக்குள்ள போகல்ல. முருங்கையில ஏறி நிண்டுக்கிட்டு, தெருவால ஆள் போனாலும் கத்தும், ஆள் போகாட்டியும் கத்தும். உம்மாவுக்கு அதுகளோட ஒரே சண்டை.

கடைசியா மாவடிப்பள்ளி வயல்காரர் ஒராள்கிட்ட இருந்து நாலு தாராக்குஞ்சி கொண்டுவந்தார். வாத்துத்தான், நாங்க தாரா எண்டுறது. உம்மா பாத்துட்டு, "மருமகன், தாரா குளிர். புள்ளை பெத்தவளுக்கு ஆகாதே" எண்டா.

"அது இவவுக்கில்ல மாமி. புள்ளை பாத்து விளையாட..." எண்டவர், நாக்கக் கடிச்சிக்கிட்டு நிண்டார். உம்மா அடுப்பப் பாக்கக் குசினிக்குள்ள போயிட்டா.

மாசம் நிறைஞ்சிதான் பெத்தன். ஆம்புளப் புள்ளை. அழல்ல. மருத்துவிச்சி காலப் புடிச்சித் தட்டினா, தண்ணி தெளிச்சா, ஊதினா. அழவேயில்ல. லுஹர் தொழுகைக்கு முந்தி அவரும் என்னோட கூடப் பொறந்த காக்காவும் வெள்ளைத் துணியில சுத்தி மையவாடிக்கு அடக்கக் கொண்டு போனாங்க. திரும்பி வந்தவர் என்னைப் பாக்க அறைக்குள்ள வரல்ல. கூட்டுக்குப் பக்கத்துல போய்க் குந்திக்கிட்டார்.

எல்லாம் முடிஞ்சிபோச்செண்டு நான் நினைச்சன். மறுநாள் காலையில கோழி கத்திற சத்தம் கேட்டிச்சு. உம்மா சரக்கரைச்சிக் கறியாக்கிக் கொண்டுவந்து வெச்சா.

"எனக்கு வேணாம்."

"புள்ளை தங்கல்ல எண்டா பெத்த வயிறு பெறாத வயிறாகிருமா? தின்னு மகள். நாப்பதும் நாப்பதுதான்."

விடிஞ்சா ஒரு கோழி. ஒவ்வொரு நாளும் அவர் பிஸ்மில்லாஹ் சொல்லுறது வேலிப் பக்கமிருந்து கேக்கும். பக்கத்துல மடியில வெச்சிக்க ஒண்டுமில்லாம, பால் கட்டிக் காய்ச்சலோட கிடந்து, அந்தக் கறிய நான் திண்டன். புள்ளைக்காக வளர்த்ததையெல்லாம் நான் ஒருத்தி இருந்து திண்டு முடிக்கிறன். எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு.

பதினஞ்சாம் நாளோ பதினாறாம் நாளோ, அறுத்த கோழியக் கோப்பையில வெச்சிக்கிட்டு அவர் வாசலால போனார். வாய்க்கு வந்தத அப்படியே கொட்டிட்டன்.

"கூட்ட நீட்டி நீட்டி என்ட புள்ளைய முழுங்கிட்டீங்களே! தாரா வேற வாங்கினீங்களே விளையாட! இப்ப நிம்மதியா?"

அவர் கோப்பைய மெல்லக் கீழ வெச்சார், பள்ளிவாசல் பக்கமா நடந்தார். உம்மா வந்து என்ட வாயப் பொத்தினா. மறுநாளும் கோழி அறுத்தார், அதுக்கு மறுநாளும் அறுத்தார். நாப்பது குளிச்சிட்டு நான் வெளியே வந்து பாக்கிறன், நீட்டின பாகம் முழுக்கக் கழட்டி, சிலாகையெல்லாம் கட்டாக் கட்டி வேலியில சாத்திக் கிடந்திச்சு.

பொறகு அல்லாஹ் மூணு புள்ளைய தந்தான். மூணு தரமும் நான் வயித்தோட இரிக்கக்குள்ள அந்த மனிசன் ஊட்டுல ஒரு ஆணி அடிக்கல்ல. கூரை ஒழுகினா ஒழுகட்டும். கதவு பிணைச்சல் கழண்டா கயிறு. அவர் ஏன் அப்பிடி இரிக்கிறார் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தன்.

இன்னொண்டும் எனக்குத் தெரியும். தொப்புள்கொடி கழுத்துல மூணு சுத்துச் சுத்திக் கிடந்ததெண்டு மருத்துவிச்சி அண்டைக்கே என்ட காதுல சொல்லிட்டா. பொம்புளைகள்ட கதை, ஆம்புளைகளுக்கு ஆரும் சொல்லல்ல. அத வயித்துக்குள்ள வெச்சிக்கிட்டுத்தான் நான் அவரப் பாத்து அந்தச் சொல்லச் சொன்னன். என்ட வயிறே கொன்ன புள்ளை எண்டு ஏத்துக்க எனக்கு ஏலாமப் போச்சு. ஆர்ட தலையிலயாவது போடணும் போல இருந்திச்சு.

கடைக்குட்டிக்கு நடக்க வந்த நேரம். ஒருநாள் பகல் அவருக்குச் சோறு போட்டு வெச்சிருந்தன். பிசைஞ்ச கையோட என்னைப் பாத்து, "புள்ள, அந்தக் கூட்ட நான் தொடாம இருந்திருந்தா, அவன் தங்கியிருப்பானா?" எண்டு கேட்டார்.

ஒரு சொல்லுத்தான் நான் சொல்ல இருந்திச்சு.

"சோறு ஆறுது, தின்னுங்க" எண்டன்.

அவர் ஓம் எண்டு தலையாட்டிட்டுத் திண்டார்.