ஞானஸ்நானத்தன்று அழாத பிள்ளை

பேசாலையில் இருந்து எழுதுகிறேன். என் மகள் வயிற்றுக்குள் வளர்ச்சி குறைந்ததால் இரண்டு கிலோகூட இல்லாமல் பிறந்தாள்.

"இப்பிடியான பிள்ளைக்கு இன்சுலின் எண்ட ஓமோன் கூடி, இரத்தத்தில சீனியை இறக்கிப்போடும். நித்திரையெண்டாலும் எழுப்பி, இரண்டு மணித்தியாலத்துக்கொருக்கா பால் குடுங்கோ" என்று டொக்டர் படித்துப்படித்துச் சொன்னார்.

ஞானஸ்நானத்தன்று பூசை நீண்டது. பால் நேரம் தாண்டியதும் நான் எழும்ப, மாமி சேலையைப் பிடித்து இழுத்தா.

"நித்திரை கொள்ளுற பிள்ளையை ஏன் எழுப்புறாய்? பூசைக்குள்ள பால் குடுக்கிறதோ?"

பின்னால் இருந்த சின்னம்மா, "வானத்துச் சம்மனசு மாதிரிப் பிள்ளை, அழவே இல்லை" என்றா. ஆண்டவர் சந்நிதியென்று நானும் அடங்கி இருந்தேன். அந்தப் புத்தியை என்னவென்று சொல்ல?

தலையில் தண்ணீர் ஊற்றியும் பிள்ளை அழவில்லை. கைகால் துவண்டு குளிர்ந்து கிடந்தாள். ஆஸ்பத்திரியில் சீனி ஏற்றிய பிறகே கண் திறந்தாள். கர்த்தருக்குத் தோத்திரம்.

பார்க்க வந்த பங்குச் சுவாமி, "மாதாவும் பால் குடுத்துத்தானே வளர்த்தவ. உங்களை ஆர் மறிச்சது?" என்று கேட்டார். மாமி என் பக்கம் திரும்பி, "நேரமாகுது, பிள்ளைக்குப் பாலைக் குடு" என்றா.

இப்போது நேரமானால், பிரசங்கம் நடந்தாலும் கடைசி வாங்கில் உட்கார்ந்து பால் கொடுக்கிறேன். மாமிதான் மணிக்கூட்டைப் பார்த்து என்னை இடிக்கிறா, தானே டொக்டருக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி.